ரிச்சி தெருவில் ஒரு செக்கிங் கடை

சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி தெருவிலிருந்து நரசிங்கபுரம் தெருப் பக்கம் திரும்பும் இடத்தில் ஒரு பழைய கட்டடம். அதன் முதல் மாடியில் லேப்டாப் சர்வீஸ் செய்யும் சின்னக் கடை ஒன்று இருக்கிறது. சர்வீஸ் அந்தத் தெருவில் எல்லோரும்தான் செய்கிறார்கள். இவர்கள் கூடுதலாக ஒரு வேலை செய்கிறார்கள். நீங்கள் வேறு யாரிடமோ வாங்கப்போகிற, அல்லது ஏற்கெனவே வாங்கிவிட்ட பழைய லேப்டாப்பைச் சோதித்து, பார்த்ததை ஒரு தாளில் எழுதி, தேதியும் கையெழுத்தும் போட்டுத் தருகிறார்கள். திறக்காமல் பார்க்க 400 ரூபாய். பின்பக்கத்தைக் கழற்றி போர்டு வரைக்கும் பார்க்க 700 ரூபாய். அந்த 700 ரூபாய்த் தாள் எங்கள் வீட்டின் 24,000 ரூபாய்த் தகராறைத் தீர்த்து வைத்தது. அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

கடைப் பெயரை மட்டும் எழுதவில்லை. கடைக்காரரே கேட்டுக்கொண்டார். லேப்டாப்பை விற்றவர்கள் சில சமயம் தேடி வந்து, “நீ ஏன் இப்படி எழுதிக் கொடுத்தே?” என்று சத்தம் போடுகிறார்களாம். செக்கிங் செய்து எழுதித் தரச் சொல்லிக் கேட்டால் அந்தத் தெருவில் செய்யக்கூடிய மெக்கானிக்குகள் வேறு பலரும் இருக்கிறார்கள். எழுத்தில் தரச் சொல்லிக் கேட்க வேண்டும், அவ்வளவுதான். வாய்வார்த்தையாகச் சொல்வதற்கும் எழுதித் தருவதற்கும் எவ்வளவு வித்தியாசம் என்பதை இந்த விஷயத்தில் நேரடியாகப் பார்த்தேன்.

நான் பாரிமுனையில், தம்பு செட்டித் தெருவில் ஒரு வக்கீல் ஆபீசில் டைப்பிஸ்ட். நோட்டீஸ், பிராது, அஃபிடவிட் எல்லாம் டைப் அடித்தே பாதி ஆயுள் போய்விட்டது. அதனால் வீட்டில் யாருக்கு எந்தத் தகராறு வந்தாலும் ஃபோன் எனக்குத்தான் வரும். இந்த முறை தங்கை மகள். கல்லூரியில் இரண்டாம் வருடம் கம்ப்யூட்டர் படிக்கிறாள். புது லேப்டாப் வாங்க வசதி இல்லாததால், தனிநபர்கள் விளம்பரம் போட்டு விற்கும் ஒரு தளத்தில் தேடி, 2025 ஜூனில் ஒன்றை வாங்கினாள். 14 அங்குலத் திரை, ஐ5 பதினோராம் தலைமுறை, 16 ஜிபி ராம், 512 ஜிபி எஸ்எஸ்டி. விலை 24,000 ரூபாய். விற்றவர் ஐடி வேலையில் இருக்கும் ஒரு இளைஞர். வேளச்சேரி ரயில் நிலையம் பக்கத்தில் ஒரு டீக்கடையில் சந்தித்து, போட்டுப் பார்த்து, யுபிஐயில் பணம் அனுப்பி வாங்கிக்கொண்டு வந்தார்கள். கூட என் தங்கை வீட்டுக்காரரும் போயிருந்தார்.

விளம்பரத்தில் இருந்த வாசகம் முக்கியம்: “ஃபர்ஸ்ட் ஓனர். 2021 ஒரிஜினல் பில் இருக்கிறது. இதுவரை எந்த சர்வீஸும் செய்ததில்லை. பேட்டரி பேக்கப் 5 மணி நேரம்.” வாட்ஸ்ஆப்பில் இவள், “தண்ணி ஏதும் பட்டிருக்கா அண்ணா?” என்று கேட்டிருக்கிறாள். “நோ நோ, மின்ட் கண்டிஷன்” என்று பதில். கேட்கத் தெரிந்த பெண். சரியான கேள்வியைக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வைத்திருக்கிறாள்.

கொஞ்ச நாள் நன்றாகத்தான் ஓடியது. அப்புறம் ‘எல்’ என்ற எழுத்து தானாகவே விழுந்துகொண்டே இருந்தது. அடுத்து சார்ஜரில் போட்டால் விளக்கு மினுக்கிவிட்டு அணையும். ஒரு நாள் வகுப்பில் செத்துப்போனது, மறுபடி எழவே இல்லை. விற்றவருக்கு ஃபோன் செய்தால், “என்கிட்ட இருந்த வரைக்கும் சூப்பரா ஓடுச்சு. போட்டுப் பாத்துதானே வாங்குனீங்க? செகண்ட் ஹேண்ட்ல யாரும் கேரண்டி தர மாட்டாங்க” என்று வைத்துவிட்டார். மறுபடி பேசியபோது இன்னும் ஒரு படி மேலே போய், “நீங்க எதையாவது ஊத்திட்டு என் தலையில கட்டப் பாக்குறீங்க” என்றார். அந்தப் பேச்சுக்குத்தான் இவள் அழுதுகொண்டே என்னைக் கூப்பிட்டாள்.

இந்த மாதிரித் தகராறு எல்லாம் முட்டிக்கொண்டு நிற்பது இந்த இடத்தில்தான். பழுது இருக்கிறது என்பதில் சண்டை இல்லை. அது எப்போது வந்தது, யார் கையில் இருந்தபோது வந்தது என்பதில்தான் சண்டை. இரண்டு பக்கமும் சத்தியம் செய்யலாம், முடிவு வராது. பார்த்துச் சொல்ல மூன்றாவது ஆள் வேண்டும். எங்கள் ஆபீசுக்கு கம்ப்யூட்டர் பார்க்கிற பையன்தான் இந்தக் கடையைச் சொன்னான்.

உயர் நீதிமன்றம் ஸ்டேஷனில் மெட்ரோ ஏறினால் சென்ட்ரலுக்கு அடுத்தது அரசினர் தோட்டம். அங்கே இறங்கி நடந்தால் ரிச்சி தெரு. பறக்கும் ரயிலில் வருகிறவர்களுக்குச் சிந்தாதிரிப்பேட்டை ஸ்டேஷன் பக்கம். படி குறுகலாக இருக்கும். மேலே போனால் எட்டுக்கு எட்டு இடத்தில் மூன்று மேஜை, மைக்ரோஸ்கோப் ஒன்று, சுவர் முழுக்க பாகம் எடுப்பதற்காக வைத்திருக்கும் பழைய லேப்டாப் கூடுகள். கடைக்காரரை எல்லோரும் பாய் என்கிறார்கள். வேலை செய்கிற முக்கியமான ஆள் அவருடைய அக்கா மகன், முப்பது வயதிருக்கும். என்னை எடுத்த எடுப்பிலேயே “அக்கா, சார்ஜரைக் கொண்டுவந்தீங்களா?” என்று கேட்டார். நல்லவேளையாகத் தங்கை மகள் பைக்குள் வைத்திருந்தாள். விற்றவர் கொடுத்த அதே சார்ஜர் இருந்தால்தான் சோதனை முழுமையாகும் என்றார்.

முதலில் வெளியே இருந்தபடி நாலு பக்கமும் ஃபோனில் படம் எடுத்தார். அடிப்பக்க சீரியல் நம்பரை எங்கள் பில்லோடு ஒத்துப் பார்த்து எழுதிக்கொண்டார். அப்புறம் ஸ்க்ரூக்களைப் பார்த்தார். இரண்டு ஸ்க்ரூவின் தலையில் வரி தேய்ந்திருந்தது. “இது ஏற்கெனவே கழட்டி மாட்டினது” என்று சொன்னாரே தவிர, அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ராம் போடக்கூட யாராவது கழற்றியிருக்கலாம் என்றார். கழற்றிய ஸ்க்ரூக்களை ஒரு தாளில், எது எங்கே இருந்ததோ அந்த வரிசையிலேயே வைத்தார். மூடியை எடுத்து, பேட்டரி ஒயரைப் பிடுங்கி, போர்டை வெளியே எடுத்து மைக்ரோஸ்கோப்புக்குக் கீழே வைத்தார்.

எங்களையும் பார்க்கச் சொன்னார். கீபோர்டின் பட்டை ஒயர் வந்து சேரும் கனெக்டரைச் சுற்றி வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தது. திரவம் பட்டு, கரண்ட் ஓடி, உலோகம் அரித்தால் அப்படித்தான் பூக்குமாம். அங்கிருந்து கொஞ்சம் தள்ளி சார்ஜிங் பகுதி. அங்கே ஒரு ஐசி, அதாவது சில்லு, மட்டும் மற்றவற்றைவிடப் பளிச்சென்று இருந்தது. சுற்றிலும் சால்டர் செய்யும்போது பூசுகிற ஃப்ளக்ஸ் பசை பழுப்பாகக் காய்ந்து கிடந்தது. ஐசியின் ஒரு காலிலிருந்து பக்கத்துப் புள்ளிக்கு முடி போல ஒரு செப்புக் கம்பி. அதன்மேல் பச்சை நிறத்தில் யுவி மாஸ்க் என்ற பாதுகாப்புப் பூச்சைப் பூசி, காய வைத்து மூடியிருந்தார்கள். “போர்டுல ட்ராக் அரிச்சுப் போச்சு. அதுக்கு ஜம்பர் அடிச்சிருக்காங்க. நல்லாவே அடிச்சிருக்காங்க” என்றார். வேறு கடைக்காரர் செய்த வேலையை மட்டம் தட்டாமல் பாராட்டியது எனக்குப் பிடித்திருந்தது. கோளாறு என்னவென்றால், அரித்த இடத்தை மட்டும் ஒட்டிவிட்டு, கனெக்டர் பக்கம் முழுசாகச் சுத்தம் செய்யாமல் விட்டிருக்கிறார்கள். ஈரம் தங்கிய இடம் மெதுவாக அரித்துக்கொண்டே போய், கடைசியில் ஷார்ட்.

அப்போதே நான், “தம்பி, இது எப்ப நடந்திருக்கும்?” என்று கேட்டேன். அவர் உடனே பதில் சொல்லவில்லை. லென்ஸைக் கூட்டி, அந்தப் பச்சை மாஸ்க்கின் மேல் படிந்திருந்த தூசியைக் காட்டினார். ஃபேன் இழுத்துக் கொண்டுவந்து போடுகிற சாம்பல் நிறத் தூசி, பக்கத்தில் தொடாத இடங்களில் இருந்த அதே மாதிரிப் படிவு. ஒன்றிரண்டு வாரத்தில் இவ்வளவு படியாது. அப்புறம் சூட்டை இழுக்கும் உலோகத் தகடான ஹீட் சிங்கைக் கழற்றித் திருப்பினார். அதன் ஓரத்தில் விரல் நகம் அளவுக்கு ஒரு ஸ்டிக்கர். சர்வீஸ் கடைக்காரர்கள் தாங்கள் செய்த வேலைக்கு வாரண்டி தேதி தெரிவதற்காக ஒட்டுகிற ஸ்டிக்கர் அது. 1 முதல் 12 வரை மாதங்களும், கீழே சில வருடங்களும் அச்சிட்டிருக்கும். மார்க்கரால் புள்ளி வைப்பார்கள். இதில் 11-இலும் 2024-இலும் புள்ளி இருந்தது. எங்கள் பெண் வாங்கியது 2025 ஜூன்.

நான் சந்தோஷத்தில், “அப்ப விற்றவர் தெரிஞ்சே மறைச்சிருக்கார்னு எழுதிக் கொடுங்க” என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். “அதை நான் எப்படிக்கா எழுதுவேன்? கண்ணால பாத்ததைத்தான் எழுதுவேன். அவருக்குத் தெரியுமா தெரியாதான்னு போர்டு சொல்லாதே.” இந்தக் கடைக்கு நான் ஐந்து நட்சத்திரம் கொடுப்பது இந்த ஒரு பதிலுக்காக. காசு கொடுக்கிறவருக்கு வேண்டியதை எழுதிக் கொடுக்கிற கடையாக இருந்தால், அந்தத் தாளை விற்றவர் ஒரு நிமிடத்தில் கிழித்துப் போட்டிருப்பார்.

அவர் எழுதியது இவ்வளவுதான். கீபோர்டு கனெக்டர் அருகே திரவம் பட்ட அரிப்பு. சார்ஜிங் பகுதியில் ஒரு ஐசி மாற்றப்பட்டுள்ளது, ஒரு ஜம்பர், யுவி மாஸ்க், அதன்மேல் தூசிப் படிவு. ஹீட் சிங்கில் வேறு சர்வீஸ் கடையின் ஸ்டிக்கர், நவம்பர் 2024 குறி. இப்போதைய நிலை: போர்டு ஷார்ட், பவர் வரவில்லை. அதோடு சீரியல் நம்பர், தேதி, கையெழுத்து. மைக்ரோஸ்கோப் படங்களை வாட்ஸ்ஆப்பில் அனுப்பினார். ஒரு தீர்ப்பும் இல்லை, ஒரு உரிச்சொல்லும் இல்லை. நான் டைப் அடிக்கிற பல ரிப்போர்ட்டுகளைவிட அது நல்ல ரிப்போர்ட்.

இனி சட்டம். இதைப் பலர் தவறாகப் புரிந்துகொண்டிருப்பதால் எனக்குத் தெரிந்தவரை சொல்கிறேன். தனிநபர் தன் சொந்தப் பொருளை ஒருமுறை விற்றால், “கன்ஸ்யூமர் கோர்ட்டுக்குப் போவேன்” என்று மிரட்டுவதில் பெரிய பயன் இல்லை. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வியாபாரமாக விற்கிறவர்களை நோக்கி எழுதப்பட்டது. ரீஃபர்பிஷ்டு லேப்டாப் விற்கும் கடையில் வாங்கியிருந்தால் கதை வேறு. 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணுக்கு ஃபோன் செய்யலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போடலாம், கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் மனுக் கட்டணமே கிடையாது. தனிநபரிடம் வாங்கினால் அந்தக் கதவு அநேகமாக மூடித்தான் இருக்கும்.

அதற்காக, விற்றவர் சொன்ன மாதிரி கேள்விமுறையே இல்லை என்று ஆகிவிடாது. 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டத்தில் 16-ஆம் பிரிவு, வாங்குகிறவர்தான் தரத்தைப் பார்த்து வாங்க வேண்டும் என்ற பழைய விதியை வைத்திருக்கிறது. தொழிலாக விற்கிறவருக்கு அதில் கூடுதல் பொறுப்பு உண்டு, வீட்டுப் பொருளை விற்கிறவருக்கு இல்லை. ஆனால் அதற்கு முந்தைய 15-ஆம் பிரிவு எல்லோருக்கும் பொது: விவரம் சொல்லி விற்றால், பொருள் அந்த விவரத்தோடு ஒத்துப்போக வேண்டும். 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் 17-ஆம் பிரிவில், தெரிந்த உண்மையை முனைந்து மறைப்பதை மோசடி என்கிறது. 19-ஆம் பிரிவின்படி, அப்படி ஏமாற்றப்பட்டவர் ஒப்பந்தத்தை ரத்து செய்யலாம். ஆக, சும்மா “லேப்டாப் விற்பனைக்கு” என்று போட்டு விற்றிருந்தால் அவர் ஓரளவு தப்பித்திருப்பார். “இதுவரை எந்த சர்வீஸும் செய்ததில்லை” என்று எழுதியதில்தான் மாட்டிக்கொண்டார். தனிநபர் விற்பனையில் விளம்பர வாசகம்தான் உங்கள் வாரண்டி. வாங்கும் அன்றே அதைப் படம் பிடித்து வையுங்கள், விற்ற மறுநிமிடம் விளம்பரத்தை அழித்துவிடுவார்கள்.

இன்னொன்று. வாட்ஸ்ஆப் உரையாடலை ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட்டு அழித்துவிடாதீர்கள். ஃபோனை மாற்றினாலும் பழையதைப் பத்திரமாக வைத்திருங்கள். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவுப்படி மின்னணு ஆவணத்தை நீதிமன்றத்தில் வைக்க ஒரு சான்றிதழ் தேவை. அதற்கு மூல உரையாடல் இருக்கிற ஃபோன் கையில் இருப்பது நல்லது. பணத்தைப் பாதி ரொக்கம், பாதி யுபிஐ என்று கொடுப்பதும் வேண்டாம். முழுதும் யுபிஐ என்றால் தொகையும் தேதியும் பெயரும் தானாகவே பதிவாகிவிடும்.

போலீசுக்குப் போகலாமா என்று தங்கை வீட்டுக்காரர் கேட்டார். ஏமாற்றியதற்குப் புதிய குற்றச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் 318-ஆம் பிரிவு இருக்கிறது, பழைய 420 தான் அது. பணம் வாங்கிக்கொண்டு பொருளே தராமல் ஓடிப்போனவர் என்றால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் மோசடி உதவி எண்ணுக்கு ஃபோன் செய்ய வேண்டும். எங்கள் விஷயத்தில் ஆள் இருக்கிறார், பெயர் தெரியும், ஃபோனை எடுக்கிறார். அந்த இளைஞருக்கும் ஒரு வேலை இருக்கிறது, வாழ்க்கை இருக்கிறது. எங்களுக்கு வேண்டியது பணம். அதனால் எங்கள் வக்கீல் சாரிடம் கேட்டுக்கொண்டு வேறு வழியில் போனேன்.

ரிப்போர்ட், படங்கள், விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், விற்றவருடைய “மின்ட் கண்டிஷன்” பதில் எல்லாவற்றையும் அவருக்கே வரிசையாக அனுப்பி, கீழே நாலு வரி எழுதினேன். லேப்டாப்பைத் திரும்ப எடுத்துக்கொண்டு பணத்தைத் தர வேண்டும், ரிப்போர்ட்டில் சந்தேகம் இருந்தால் கடைக்கே வந்து நேரில் பார்க்கலாம், இல்லையென்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் வழக்குக்கு முந்தைய மனு கொடுப்போம். இந்தக் கடைசி வழி பலருக்குத் தெரியாது. சட்டப் பணிகள் ஆணைக்குழு சட்டம் 12-ஆம் பிரிவுப்படி, பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவசச் சட்ட உதவி உண்டு. இரு தரப்பையும் கூப்பிட்டுப் பேசுவார்கள். மக்கள் நீதிமன்றத்தில் முடிந்தால் அது சிவில் கோர்ட் தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடு கிடையாது. விவரம் கேட்க 15100 என்ற எண் இருக்கிறது. 24,000 ரூபாய்க்கு வக்கீல் வைத்து வருடக்கணக்கில் நடப்பதற்கு இது எவ்வளவோ மேல்.

விற்றவர் கடைக்கு நேரில் வந்தார். வரும்போதே கோபமாகத்தான் வந்தார். பாய் அவருக்கும் டீ சொல்லிவிட்டு, “பாருங்க தம்பி, நீங்களே பாருங்க” என்று மைக்ரோஸ்கோப் பக்கம் நாற்காலியைத் தள்ளினார். அந்த அக்கா மகன் எங்களுக்குக் காட்டிய அதே வரிசையில், அதே வார்த்தைகளில் அவருக்கும் காட்டினார். குரலில் ஒரு ஏற்ற இறக்கம் இல்லை. ஸ்டிக்கரைக் காட்டியதும் அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், “ஒரு தடவை காபி கொட்டுச்சு. சர்வீஸ் பண்ணினேன். அப்புறம் ஆறு மாசம் எந்தப் பிரச்சினையும் இல்ல மேடம், சரியாயிடுச்சுன்னுதான் நெனச்சேன்” என்றார்.

அவர் சொன்னதை நான் நம்பினேன். சரியாகிவிட்டது என்று அவர் நினைத்திருக்கலாம். அதையே விளம்பரத்தில் எழுதியிருந்தால், ஐந்தாயிரம் குறைத்து, தெரிந்தே வாங்குகிற ஒருவருக்கு நேர்மையாக விற்றிருக்கலாம். ஒரு படிக்கிற பெண், தண்ணீர் பட்டதா என்று நேராகக் கேட்டபோது இல்லை என்று சொன்னதையும், பழியை அவள் மேலேயே போட்டதையும் என்னால் விட முடியவில்லை. அதை அவரிடமே சொன்னேன். அவர் தங்கை மகளிடம் மன்னிப்புக் கேட்டார். அதுதான் அவளுக்குப் பணத்தைவிடப் பெரிதாக இருந்தது.

கடைசியில் 22,000 ரூபாய்க்குப் பேசி முடித்தோம். முழுத் தொகையும் வாங்க வேண்டும் என்றுதான் எனக்கு. ஆனால் வாங்கியது அவள், அவள் சரி என்றாள். அன்றே யுபிஐயில் வந்துவிட்டது. ஒரு பக்கத்துக்கு நான் டைப் அடித்துக்கொண்டு போயிருந்தேன்: இன்ன சீரியல் நம்பர் லேப்டாப் திரும்ப ஒப்படைக்கப்பட்டது, இவ்வளவு தொகை பெறப்பட்டது, இனி ஒருவர் மேல் ஒருவருக்கு எந்தக் கோரிக்கையும் இல்லை. இருவரும் கையெழுத்துப் போட்டார்கள், பாய் சாட்சி. எஸ்எஸ்டியைக் கழற்றி வேறு பெட்டியில் மாட்டி, அதில் இருந்த அவளுடைய படங்களையும் கல்லூரி வேலைகளையும் எடுத்துக்கொண்டு, முழுவதும் அழித்த பிறகுதான் கைமாறியது. இதை மறந்துவிடாதீர்கள், குறிப்பாகப் பெண் பிள்ளைகள் இருக்கும் வீட்டில்.

அப்புறம் அவளுக்கு வேறு லேப்டாப் வேண்டுமே. இந்த முறை விற்பவர்களிடம், “ரிச்சி தெருவில் செக் செய்துவிட்டு அங்கேயே பணம் தருகிறோம், செக்கிங் செலவு எங்களுடையது” என்று முதலிலேயே சொல்லிவிட்டோம். இந்த ஒரு வரியிலேயே சிலர் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். 700 ரூபாய் செலவாகும் முன்பே கிடைத்த நல்ல பலன் அது.

வந்தவற்றில் ஒன்று பார்க்கப் புத்தம் புதிதாக இருந்தது. லேப்டாப்பின் அடிப்படை செட்டிங்ஸ் திரையான பயாஸுக்குள் போய்ப் பார்த்தால் உள்ளே இருக்கிற சீரியல் நம்பர் வேறு, அடியில் ஒட்டியிருக்கிற சீரியல் நம்பர் வேறு. போர்டே மாறியிருக்கிறது. இன்னொன்றை மறுபடி செட்டப் செய்து இன்டர்நெட்டில் இணைத்ததும், ஒரு கம்பெனியின் பெயரோடு அலுவலக மின்னஞ்சல் கேட்டு நின்றுவிட்டது. கம்பெனி தன் கணக்கில் பதிந்து வைத்த லேப்டாப் அப்படித்தான் செய்யும். எத்தனை முறை விண்டோஸ் போட்டாலும் நெட் கிடைத்ததும் அங்கேயே வந்து நிற்கும். மேக்புக்கிலும் இதே மாதிரி உண்டு. கம்பெனி முறையாக விடுவித்துத் தந்தால் ஒழிய அதைத் தொடவே கூடாது. விற்க உரிமை இருக்கிறவர்தான் விற்கிறாரா என்பதே அங்கே கேள்வி. பாய் விற்க வந்தவரிடம் மரியாதையாக, “கம்பெனியில் ரிலீஸ் லெட்டர் வாங்கிட்டு வாங்க” என்று அனுப்பிவிட்டார்.

கடைசியாக வாங்கியதற்கு முழு சோதனையும் நடந்தது. ஒவ்வொரு கீயும் தனித்தனியாக. ஒவ்வொரு யுஎஸ்பி வாயும். திரையை முழு வெள்ளை, முழு கறுப்பாக வைத்துப் புள்ளி, கறை பார்த்தார். கீல், கேமரா, மைக், ஸ்பீக்கர். விண்டோஸே எடுத்துத் தரும் பேட்டரி ரிப்போர்ட்டில், புதிதில் 50,000 மில்லிவாட் ஹவர் பிடித்த பேட்டரி இப்போது 41,000 பிடிக்கிறது என்று தெரிந்தது. அதையும் எழுதினார். எஸ்எஸ்டி எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்பதைப் பார்த்தார். அரை மணி நேரம் முழு லோடில் ஓட விட்டு, சூடு எங்கே நிற்கிறது, ஃபேன் சத்தம் எப்படி என்று கவனித்தார். போர்டைத் திறந்தார், சுத்தமாக இருந்தது. 26,500 ரூபாய். அவள் அதில்தான் இப்போது ப்ராஜெக்ட் செய்துகொண்டிருக்கிறாள்.

விலை சரியா, வாங்கலாமா என்று கேட்டால் மட்டும் இந்தக் கடையில் பதில் வராது. “அது உங்க இஷ்டம்கா” என்பார்கள். சிலருக்கு இது குறையாகப் படலாம். ஆனால் பொதுவாக ஒன்று சொன்னார்: ஏழாம் தலைமுறை அல்லது அதற்கு முந்தைய ஐ5 என்றால் வேண்டாம். விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-உடன் மைக்ரோசாஃப்ட் ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11 முறைப்படி ஓட, பெரும்பாலும் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் முடியும். விலை மலிவாக வரும் பழைய லேப்டாப்களில் பாதி இந்த வகைதான்.

குறைகளும் உண்டு. ரிப்போர்ட் கையெழுத்தில்தான் வரும், பாதி ஆங்கிலம், பாதி தமிழ். எனக்கே இரண்டு இடத்தில் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்க வேண்டியிருந்தது. கடை சீல் கேட்டால்தான் வைக்கிறார்கள், பில்லும் கேட்டால்தான். கேளுங்கள். “கோர்ட்டுக்கு சாட்சி சொல்லக் கூப்பிட்டா மட்டும் வர முடியாதுக்கா, கடையைப் பூட்ட முடியாது” என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள். பேசித் தீர்க்கிற வரைக்கும் இந்தத் தாள் போதும். வழக்கு என்று போனால், எழுதியவரே வந்து சொல்லாத தாளுக்கு மதிப்புக் குறையும். இதற்குச் சம்மதிக்கிற ஆள் ஒருவர் அந்தத் தெருவில் இருந்தால் ஆயிரம் ரூபாய் கூடக் கொடுக்கலாம். உட்கார இரண்டே ஸ்டூல். வயதானவர்களைக் கூட்டிக்கொண்டு அந்தப் படியில் ஏற வேண்டாம்.

மொபைல் ஃபோன் இங்கே பார்ப்பதில்லை. பழைய ஃபோன் வாங்குகிறவர்கள் குறைந்தபட்சம் இதைச் செய்யுங்கள்: *#06# அழுத்தினால் ஃபோனின் அடையாள எண்ணான ஐஎம்இஐ வரும். ‘சஞ்சார் சாத்தி’ தளத்திலோ செயலியிலோ ‘நோ யுவர் மொபைல்’ பகுதியில் அந்த 15 இலக்க எண்ணைப் போடுங்கள். தடை செய்யப்பட்டது, போலி, ஏற்கெனவே வேறு இடத்தில் உபயோகத்தில் உள்ளது என்று ஏதாவது வந்தால் ஃபோனைக் கையில் வாங்காதீர்கள். பைசா செலவில்லை, விற்பவர் எதிரிலேயே செய்துவிடலாம்.

ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது. சனிக்கிழமை மதியத்துக்கு மேல் தெருவே நகராது, போகாதீர்கள். வார நாளில் பதினொரு மணிக்குப் போனால் திறந்து பார்க்கும் சோதனை முடிய இரண்டு மணி நேரம் பிடிக்கும். விற்பவரிடம் இதை முன்கூட்டியே சொல்லி அழைத்து வாருங்கள். இல்லையென்றால் பாதியில் அவசரப்படுத்துவார். சார்ஜர், பில், விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட் மூன்றும் கையில் இருக்கட்டும். ஸ்கிரீன்ஷாட்டைக் காட்டி, “இதில் சொன்னதெல்லாம் சரியா என்று பாருங்கள்” என்றே கேளுங்கள். அவர் ஒவ்வொரு வரியாகப் பார்த்து, பக்கத்தில் டிக் போட்டுத் தருவார்.